வெளிச்சம் பட்ட குப்பி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூவர்: ஆய்வகத் தலைவி, அவருடைய ஆய்வு மாணவன், பதினோரு ஆண்டுகளாக அங்கே லேப் டெக்னீஷியனாக இருக்கும் இருட்டக்கா.

ஆய்வகத்தில் வீணாக எரியும் விளக்கைக் கண்டால் அணைத்துவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. 'அக்கா வீட்டுல தினமும் அமாவாசை' என்பது மாணவர்களின் கேலி.

"ஆன்டிபாடி கெட்டுப்போச்சு மேடம்," என்றான் மாணவன். "அக்கா நேத்து முழுக்க அதை வெளிச்சத்துல வெச்சுட்டாங்க."

ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடி அது. தேடும் புரதம் செல்லில் இருந்தால், அதைப் பற்றிக்கொண்டு பச்சையாக ஒளிரும். வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடும். வாங்கியதே ஒரே குப்பி. வேறு வரவழைக்க இரண்டு மாதம் ஆகும்.

"அப்போ சோதனையைத் திரும்பச் செஞ்சு காட்ட முடியாதா?"

"எப்படி மேடம்? அதான் போன வாரம் எடுத்த படமெல்லாம் இருக்கே. செல்லெல்லாம் பளபளன்னு. அதை வெச்சே கட்டுரையை அனுப்பிடலாம்."

தலைவி இருட்டக்காவின் பக்கம் திரும்பினார். "உங்களைப் போய் நம்பினேனே. ஆராய்ச்சிக்கு முதல்ல நேர்மை வேணும், அப்புறம் கவனம். இந்த மாசத்தோட உங்க ஒப்பந்தம் முடியுது. நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

இருட்டக்கா மாணவனைப் பார்த்தார். "தம்பி, நீயே சொல்லிடறியா?"

"நான் என்னத்தக்கா சொல்ல? கண்ணால பார்த்ததைத்தான் சொன்னேன்."

குளிர்பெட்டியிலிருந்து, அலுமினியத் தாள் சுற்றிய குப்பியைக் கொண்டுவந்து தலைவியின் முன் வைத்தார் இருட்டக்கா.

"பிரிச்சுப் பாருங்க மேடம். சீல் வந்தபடியே இருக்கு. இதைத் திறக்காமலே போன வாரம் செல்லு எப்படி ஒளிர்ந்துச்சாம்?"

மாணவன் தரையைப் பார்த்தான்.

தலைவி தாளைப் பிரித்து, உடையாத சீலை நெடுநேரம் உற்று நோக்கினார். மேஜைமேல் திங்கட்கிழமை மாநாட்டின் அழைப்பிதழ் கிடந்தது. கட்டுரையின் தலைப்பும் அவர் பெயரும் அதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தன.

பிறகு அவர் நகத்தால் சீலைக் கீறி, மூடியைத் திருகித் திறந்து, குப்பியை வெயில் விழும் ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"இப்ப கெட்டுப்போச்சு," என்றார். "நீங்க வெளிச்சத்துல வெச்சதாலன்னு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க. ஒப்பந்தத்துல இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

இருட்டக்கா வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். பழக்கம் விடவில்லை; வாசலில் கையை உயர்த்தி விளக்கை அணைத்துவிட்டு வெளியேறினார்.