வளையல் கீறல்

கார்த்திகேசன் காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும், சத்யப்பிரியா அவன் முகத்தைப் பார்க்காமல் பானெட்டைப் பார்த்தாள்.

தாலி கட்டிய புருஷன்தான். ஆனால் கடலூர் செம்மண்டலத்தில் அவள் அப்பா வீட்டை ஒட்டிப் போட்டிருந்த இந்தத் தகர ஷெட்டுக்குள் வந்துவிட்டால் அவனும் ஒரு கஸ்டமர்.

"மறுபடியும் கீறல் வுழுந்துட்ச்சு, சத்யா" என்றான், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிவந்தவன் குரலில்.

அவள் கைவிளக்கைப் பிடித்தாள். கறுப்புக் கார். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மெல்லிய கீறல்கள் வட்ட வட்டமாக, சிலந்தி வலை மாதிரி தெரிந்தன. போன தடவைதான் இடுப்பு ஒடிய நின்று பாலிஷ் மெஷின் பிடித்து, ஒரு கீறல் இல்லாமல் எடுத்து அனுப்பியிருந்தாள். அதற்கு முந்தின தடவையும் அப்படித்தான்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த புதுப்பெண் அவள். ஆவணி போய்ப் புரட்டாசியும் பாதி ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தில் சொல்கிற காரணம் மட்டும் இன்னும் ஆடியாகவே இருந்தது.

உண்மைக் காரணம் மாமியார் தைலம்மாள். கல்யாணமானால் மருமகள் இந்த வேலையை விட்டுவிடுவாள் என்று நம்பியிருந்தவள், அது நடக்காது என்று தெரிந்ததும், "ஊரான் காரத் தேய்க்கிறவ எம்மருமவள்னு நான் எப்டிச் சொல்லிக்கிறது? இந்த வேலையா, இந்த வூடான்னு முடிவு பண்ணிக்க" என்று கேட்டுவிட்டாள்.

சத்யப்பிரியாவும் சளைத்தவள் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அங்கிருந்து யாரும் வா என்று கூப்பிடவில்லை. இவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. வேலையை விடுவதாக இல்லை. ஆனால் அந்த வீட்டை நினைக்காத நாளும் இல்லை.

இந்த மனுஷனுக்கோ வாயைத் திறந்து கூப்பிடத் துப்பில்லை. அண்ணாமலை நகரிலிருந்து கடலூர் வர ஒரு சாக்கு வேண்டுமே என்று, தானே காரைக் கீறிக்கொண்டு வந்து நிற்கிறான். பக்கத்துச் சிதம்பரத்தில் பாலிஷ் போட ஆளா இல்லை?

அப்படி நினைத்துக்கொள்ள அவளுக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

மிளகு மிளகாகப் பாலிஷ் காம்பவுண்டை மெஷினின் பேடில் வைத்து, பானெட்டின் ஓரத்தில் மெஷினை ஓட்டினாள். துடைத்துவிட்டு விளக்கைப் பிடித்தாள். வட்டங்கள் போயிருந்தன.

இந்தத் தடவை போகாமல் வேறொன்று இருந்தது. வட்டம் இருந்த இடத்தை ஒட்டி, கொஞ்சம் ஆழமாக, ஜோடி ஜோடியாகக் கோடுகள்.

வளையல் கீறல்.

தேய்க்கிற கையோடு வளையலும் உரசினால்தான் இப்படி விழும். அதற்குப் பயந்துதான் அவளே வேலைக்கு முன்னால் வளையலைக் கழற்றி வைக்கிறாள்.

கதவுக்குப் போனாள். அங்கேயும் வளையல். பின்கதவில் வளையல். எவளோ ஒருத்தி இந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். சத்யப்பிரியா புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மூஞ்சிக்கா என்று ஒரு பக்கம் தோன்றினாலும், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"யாரு மாமா இந்தக் காரத் தொடைக்கிறது?"

"அம்மாதான்" என்றான் கார்த்திகேசன், பாவமாக. "தெனம் காலையில பாத்திரம் தேய்க்கிற பச்ச நார எடுத்துக்கினு போயிடறாங்க. வேணாம்மான்னா, காக்கா எச்சம் கெடக்குதுன்றாங்க. போர்ட்டிகோவுக்குள்ள காக்கா எங்கேர்ந்து வருதுன்னுதான் எனக்குப் புரியல."

அவள் எக்கிக் காரின் கூரையைப் பார்த்தாள். போன தடவை அனுப்பியது போலவே பளபளவென்று இருந்தது. தைலம்மாள் குள்ளம்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், அதே பச்சை நாரோடு மாமியார் இந்தக் காரை நெருங்கியபோது, இவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கிறாள். ஐயோ அத்தை, அதால தேய்ச்சா வட்ட வட்டமா கீறல் வுழும், அப்புறம் நான் மெஷின் புடிச்சாத்தான் போவும் என்று கத்தியிருக்கிறாள். அன்றிலிருந்து, இவள் அந்த வீட்டில் இருந்தவரை, தைலம்மாள் காரைத் தொட்டதே இல்லை. ஒரு தடவை காதில் விழுந்ததை அவள் மறப்பவளும் இல்லை.

சத்யப்பிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினின் வயரைச் சுற்றினாள்.

"இப்டி அடிக்கடி மெஷின் போட்டா பெயின்ட்டே தேஞ்சிடும் மாமா. நானே வந்து அத்தகிட்ட நேர்ல சொல்றேன்."

"அதுக்கு எதுக்கு நீ அம்மாந்தூரம் வரணும்? போன்ல சொன்னா போதாதா?" என்றான் அந்தப் புத்திசாலி.

அவள் பார்த்த பார்வையில் அவனுக்கே மெதுவாக உறைத்தது. அவசர அவசரமாகப் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்மா, சத்யா வர்றாளாம்."

சத்யப்பிரியா போன் பக்கம் காதைச் சாய்த்தாள். வேலையை விட்டுவிட்டு வரச் சொல் என்று மட்டும் பதில் வந்துவிட்டால், இவளுடைய ஆடி இன்னும் எத்தனை மாதம் நீளுமோ தெரியாது.

"வரட்டும்" என்றாள் தைலம்மாள். "அந்த மெஷின மறந்துட்டு வந்துடப் போறா, எடுத்துக்கினு வரச் சொல்லு. எதுத்த வூட்டு வாத்தியாரு காரும் நேத்துலேர்ந்து நம்ம காரு மாதிரியே வட்ட வட்டமா கீறல் வுழுந்து கெடக்குது."