நான் இல்லாத வயது

மிதுன் பள்ளியில் படிக்கும்போதே கஞ்சா புகைக்கத் தொடங்கியவன். நாங்கள் காதலித்த நாட்களில் அதை ஒரு விளையாட்டுப் பழக்கம் என்றுதான் நினைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவனுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. நான் அவனைக் கொல்லப் பார்ப்பதாக அவை சொல்லுமாம். என் காலடிச் சத்தம் கேட்டாலே கதவைத் தாழிட்டுக்கொள்வான்.

கோவையில் அந்தப் புதிய சிகிச்சை வந்திருந்தது. புகை கெடுத்த மூளைப் பகுதியை எடுத்துவிட்டு, புதிதாக வளர்த்துவிடுவார்கள்.

"குரல் நின்னுடும் மேடம். ஆனா புகைச்ச காலத்து ஞாபகமெல்லாம் கூடவே போயிடும்," என்றார் டாக்டர்.

நான் அந்தக் காலத்தில்தான் அவனிடம் வந்தவள். அவன் பயமில்லாமல் இருந்தால் போதும் என்று சம்மதித்தேன். அப்போது அதை உண்மையாகவே நம்பினேன்.

சிகிச்சை முடிந்து கண் திறந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏனுங்கக்கா, எங்கம்மாவக் கொஞ்சம் வரச் சொல்றீங்களா? நாளைக்குக் கணக்குப் பரீட்சைங்க. போகலைன்னா எங்க வாத்தியார் தோலை உரிச்சிருவாரு."

வாசலில் நின்ற என் மாமியார் பதறிப்போய் உள்ளே வந்தார். "கண்ணு, இவ யாருன்னு தெரியலையா?"

அவன் குழம்பிப்போய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தக் கண்களில் பழைய பயம் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"நான் இங்க நர்ஸுங்க தம்பி," என்றேன்.

கட்டிலருகே இருந்த நாற்காலியை மாமியாருக்கு விட்டுவிட்டு எழுந்தேன்.