பெயர் போட்ட செங்கல்

“இந்த மதில் மேல கை வச்சுச் சத்தியமாச் சொல்றேன், இன்ஜினியரம்மா. நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும் இது இப்பவே என் தலையில விழட்டும்!”

“விழற மாதிரிதான் இருக்கு. கொஞ்சம் தள்ளியே நில்லுங்க பெரியவரே,” என்றார் கொத்தனார் காவ், உளியைத் துடைத்தபடி.

சீனாவின் நான்ஜிங் நகரத்துப் பழைய கோட்டை மதிலில், ஷுவான்வு ஏரியைப் பார்த்த பக்கத்தில், இடுப்பு உயரத்தில் ஒரு செங்கல் மாவாய் உதிர்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அதைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கல் வைப்பதாக ஏற்பாடு. ஆனால் காலை ஏழு மணிக்கே வந்து, ஒரு கையில் தேநீர்க் குடுவையும் மறு கையில் உப்பில் ஊறவைத்து வேகவைத்த பாதி வாத்துமாக, கல்லை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றுவிட்டார் எழுபத்தெட்டு வயது துவான்.

“எங்க முன்னோர் சுட்ட கல்லு. பிடுங்க விட மாட்டேன்.”

மராமத்துக்குப் பொறுப்பான இன்ஜினியர் ஹுவோ மின் அவரை மெதுவாக விலக்கி, தூரிகையால் பாசியைத் தள்ளினாள். மதிலின் மற்ற கற்களைப் போலவே இதிலும் செய்தவன் பெயர் இருந்தது: துவான் சிசெங்.

“நீங்களும் துவான் குடும்பமா?”

“பஸ் டிரைவரைக் கேளுங்க, வாத்துக் கடைக்காரனைக் கேளுங்க. துவான்தான்.”

“எல்லாம் சரி,” என்றார் காவ். “சுத்தி இருக்கற கல்லெல்லாம் அறுநூறு வருஷமா ஆணிகூட இறங்காம நிக்குது. உங்க ஆளு கல்லு மட்டும் ஏன் பிஸ்கட் மாதிரி உதிருது?”

“ஏன் உதிராது? வந்த பீரங்கிக் குண்டையெல்லாம் வாங்கினது இதுதானே! குண்டு வர்ற சத்தம் கேட்டா பக்கத்துக் கல்லெல்லாம் மூச்சை இழுத்துப் பிடிச்சு உள்ள ஒதுங்கிடும். எங்க கல்லு மட்டும் நெஞ்சை முன்னால தள்ளும். பரம்பரைக் குணம்.”

“மத்ததுல எல்லாம் முத்திரை குத்தியிருக்கு. இதுல குச்சியால கீறியிருக்கே?” காவ் விடவில்லை.

“மதில் கட்டறப்போ பேரரசர் அவசரப்படுத்தினார்ப்பா. சூளை வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்துட்டார். இந்தக் கல்லைத் தட்டிப் பாத்தார் பாருங்க, கோயில் மணி மாதிரி கணீர்னு ஒரு சத்தம். சாப்பாட்டு மணின்னு நெனச்சு அரண்மனையே பந்திக்கு ஓடிச்சு... அன்னிக்கு எல்லாருக்கும் ரெண்டு வேளை மத்தியானச் சாப்பாடு.”

காவ் சிரிப்பை அடக்க மாட்டாமல் திரும்பிக்கொண்டார். துவான் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

“பேர் எதுக்குப் போட்டாங்கன்னு தெரியுமா பெரியவரே?” என்றாள் ஹுவோ மின். “பெருமைக்கு இல்ல. கல்லு உடைஞ்சா செஞ்சவனைத் தேடிப் பிடிக்கத்தான். தலையே போயிடுமாம்.”

துவான் கழுத்தைத் தடவிக்கொண்டார். “இப்ப அந்தச் சட்டம் இல்லையே?”

“இல்ல.”

“நல்ல சட்டம். எடுத்திருக்க வேண்டாம்,” என்றார் நிதானமாக.

காவ் உளியைக் கல்லின் விளிம்பில் வைத்தார். அப்போதுதான் கிழவரின் குரல் முதல்முறையாக இறங்கியது.

“அம்மா, எனக்குப் பிள்ளைகுட்டி இல்ல. இது போயிடுச்சுன்னா இந்த ஊர்ல எங்க பேரு வேற எங்கயும் இல்ல.”

சொல்லிவிட்டு உள்ளங்கையை அந்தப் பெயரின் மேல் வைத்தார்.

காலை வெயில் ஏரியிலிருந்து சாய்ந்து மதில்மேல் அடித்தது. கற்களில் இருந்த எழுத்தெல்லாம் நிழல் கட்டி எழுந்து நின்றன. ஊர்ப்பெயர், அதிகாரி, சூளைக்காரன், மண் பிசைந்தவன்... கண்ணுக்கெட்டிய தூரம் வரை பெயர்கள். இருபத்தாறு வருடமாக ஹுவோ மின் அவற்றைப் படித்து வருகிறாள். ஒரு ஊரே வரிசையில் நின்று, யாராவது நம்மைக் கூப்பிட மாட்டார்களா என்று காத்திருப்பதுபோல அவளுக்குத் தோன்றும். இத்தனை வருடத்தில் ஒரு பெயருக்கும் ஒரு சொந்தக்காரர் வந்ததில்லை. இன்று அறுநூறு வருடத்தைத் தாண்டி ஒரு கை வந்து ஒரு பெயரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கிழக் கையின் நரம்பையும் கல்லின் கீறலையும் மாறி மாறிப் பார்த்தாள். உடம்பு சிலிர்த்தது.

“காவ் அண்ணே, உளியைக் கீழ வைங்க.”

“அம்மா, இவர் விடற கதையை நம்பறீங்களா?”

“மணிக் கதையை நம்பல. அந்தக் கையை நம்பறேன். சுண்ணாம்புல பச்சரிசிக் கஞ்சி கலந்து, உதிராம பூசி நிறுத்துங்க. மேல ஒரு கண்ணாடி போட்டுடலாம்.”

காவ் ஏதோ முணுமுணுத்தார். ஆனால் கஞ்சியைப் பூசும்முன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி வைத்தார். ஹுவோ மின் கல்லுக்கு முன்னால் மூன்று முறை குனிந்து வணங்கினாள். அவளைப் பார்த்து, அந்த வழியாக நடைபயிற்சிக்கு வந்த நாலைந்து பேரும் வணங்கினார்கள். துவானும் பக்கத்தில் நின்று, எல்லோரையும்விட ஆழமாகக் குனிந்தார்.

வேலை முடிந்ததும் மிச்சமிருந்த வாத்தைக் காவின் கையில் திணித்துவிட்டு, துவான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பஸ் வந்தது. ஏறி, முதியோர் இலவசப் பயண அட்டையை நீட்டினார்.

அட்டையில் இருந்த பெயர் துவான் சிசெங்: நாற்பது வருடத்துக்கு முன் இதே மதிலில் நடந்த மராமத்துக்குக் கல் சுட்டபோது, வாத்துக் கடையை மூடிவிடுவார்களே என்று சூளையை அரைநாள் முன்னதாகவே அணைத்துவிட்டுப் போனவர்.