பதினாறு எம்.எம். கம்பி

பயிற்சிக்கு வந்த பெண், ஆபீஸில் பெரிய ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்து, "கால் மணி நேரம் பேசலாமா சார்?" என்று தொழில் அனுபவம் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் முறை வந்ததும் தலைமை இன்ஜினியருக்குத் தலைகால் புரியவில்லை. பாவம், வீட்டில் அவர் பேச்சை யார் கேட்கிறார்கள்?

"நீங்க பண்ண பெரிய தப்பு எது சார்?"

மழுப்பிப் பார்த்தார். ஆனால் இருபது வருடமாகத் தூக்கத்தைத் தின்ற விஷயம் வாய்வரை வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் போகிற பெண்தானே!

"பதினாறு எம்.எம். கம்பிக்குப் பத்துன்னு எழுதிட்டேம்மா. பால்கனி விழுந்துடுச்சு. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்ல. அப்புறம் என் கணக்குத் தாளைப் பதினாறுன்னு திருத்திட்டு, பழியை அதைப் பார்த்து வரைஞ்ச வரைபடக்காரர் தலையில கட்டிட்டேன். அவருக்கு வேலை போச்சு."

"அவர் சண்டை போடலையா?"

"எங்க போட்டார்! தாளைப் பார்த்துட்டு, என் கையைப் பிடிச்சு மன்னிப்பு கேட்டார். கண்ணை மூடினா இன்னும் அந்தக் கைதான்."

அவள் பேனாவை மெல்ல மூடினாள்.

"இன்னிக்கும் கேக்கறார் சார். 'என்னால தலைகுனிஞ்ச மனுஷன், அப்பா மன்னிப்பு கேட்டார்னு சொல்லும்மா'ன்னார். அதைச் சொல்லத்தான் உங்ககிட்ட நேரம் கேட்டேன்."