யார் போட்ட உரம்?

யூரியா என்று அச்சடித்து வெளுத்துப்போன இரண்டு காலிச் சாக்குகளை நீர்ப் பரிசோதகரின் காலடியில் வீசி எறிந்தான் கொழுந்தன். கிளம்பிய தூசியில் அவர் இரண்டு முறை தும்மினார்.

"அண்ணி கொட்டகையில இருந்து எடுத்தது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் சார்?"

"அடுத்தவங்க கொட்டகையில புகுந்து எடுக்கறதுக்கு வேற பேர் இருக்கு தம்பி" என்றாள் வரப்பில் நின்ற அண்ணி.

மேட்டு வயல் அவனுடையது. பள்ளத்து வயல் அண்ணியுடையது. அண்ணன் இறந்து மூன்று வருஷமாகத் தனியாளாக உழுகிறாள். இரண்டு வயலுக்கும் ஒரே கிணறு, அதுவும் அவள் வயல் ஓரத்தில்.

போன மாதம் அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலக்கிக் கொடுத்ததில் அவனுடைய கைக்குழந்தைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. பிள்ளை பிழைத்து வந்ததே பெரும்பாடு. அன்றிலிருந்து அண்ணியைப் பார்த்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பரிசோதகர் புட்டியை மூடினார். "கிணத்துல நைட்ரேட்டுங்கற உப்பு அளவுக்கு மீறி இருக்கு. கைக்குழந்தைக்கு நீலம் பாரிக்கறது அதாலதான். உரத்துலேருந்து வந்ததுதான். பயிர் எடுத்தது போக மிச்சம், பாய்ச்சற தண்ணியோட மண்ணுக்குள்ள இறங்கி இங்க வந்து சேருது."

"கேட்டுக்குங்க அண்ணி! நான் போடறது சுத்தமான சாணி எரு. வண்டி வண்டியா அடிக்கறேன். வயல்ல ஈரம் காய விடறதே இல்ல."

"எருன்னா இறங்காதுன்னு யார் சொன்னது?" என்றார் பரிசோதகர். " அளவுக்கு மேல போட்டு, தண்ணியையும் அளவுக்கு மேல விட்டா அதுவும் இறங்கும்."

"அதெல்லாம் மூட்டை விக்கிறவன் கட்டிவிட்ட கதை சார். இவங்க சோளத்தைப் பாருங்க. ஒரு கூடை எரு போடாத வயல்ல இப்படிக் கரும்பச்சை எங்கேருந்து வரும்?"

பரிசோதகர் திரும்பிப் பார்த்தார். மேட்டு வரப்பை ஒட்டிய பயிரெல்லாம் கரும்பச்சையாக நின்றது. தள்ளிப் போகப் போகக் கொஞ்சம் வெளுப்புதான். அவர் நெற்றியைச் சொறிந்துகொண்டார்.

கொழுந்தன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை உருவினான். இந்தப் போகம் முடிகிறவரை அண்ணி கிணற்றில் மோட்டார் போடக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்திருந்தான். ஆள் அவ்வளவு சுறுசுறுப்பு.

"கையெழுத்துப் போடுங்க."

"கதிர் பால் பிடிக்கிற நேரம் தம்பி. பத்து நாள் தண்ணி நின்னா மொத்தமும் சருகுதான். எனக்கு வேற பொழப்பு ஏது?"

"என் பிள்ளை நீலமா கெடந்தப்ப உங்க சோளம் பச்சையாத்தானே இருந்துச்சு!"

ஆஸ்பத்திரி வாசலில் நான்கு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவள் அவள். அது அவனுக்கும் தெரியும். கோபத்தில் அதெல்லாம் ஞாபகத்துக்கு வருமா?

பரிசோதகர் பேனாவைத் திறந்தார். "நான் அறிக்கையில எழுதணும்மா. மறைக்காம சொல்லுங்க, இந்தப் போகத்துக்கு எத்தனை மூட்டை போட்டீங்க?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"பார்த்தீங்களா, வாய் திறக்குதா?" கொழுந்தன் கெக்கலித்தான். "எண்ணி மாளல போல. அஞ்சா, பத்தா? சொல்லுங்க அண்ணி!"

"ஒண்ணுகூட இல்ல சார். அது மூணு வருஷத்துக்கு முந்தின சாக்கு."

"பொய்! அப்போ இந்தப் பச்சை எங்கேருந்து வந்துச்சு?"

அவள் வெட்கத்தோடு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் போனதுலேருந்து, உங்க எரு கசிஞ்சு வர்றதுலதான் தம்பி என் பயிரும் பொழைக்குது."