கொஞ்சம் வலிக்கும்

“கொஞ்சம் வலிக்கும். பொறுத்துக்கோங்க” என்றார் பல் டாக்டர்.

அவர் முன்னால் யாரும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. புகைப்பட மன்றத்தின் திரையில் மழையில் நனைந்த ஒரு சைக்கிள் தெரிந்தது. படத்தை எடுத்தவர் யார் என்று சொல்லக்கூடாது என்பது மன்றத்தின் விதி. தையல்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“மங்கல். ஒரே மங்கல். எடுத்தவருக்குக் கை நடுங்குது.”

“குறை சொன்னா, சரிபண்ற வழியும் சொல்லணும் டாக்டர். அதுவும் விதி” என்றார் செயலாளர்.

“சொல்றேனே. ஸ்டாண்டு வாங்கி, அதுமேல கேமராவை வச்சு எடுக்கணும்.”

“ஏற்கெனவே மூணு வாங்கிட்டேனே!” என்று தையல்காரர் தன்னைத்தானே காட்டிக்கொடுத்தார்.

“அப்போ நாலாவதாவது நல்லதா வாங்குங்க.”

டாக்டர் கிளினிக்கைப் பூட்டிய கையோடு, வெள்ளைக் கோட்டும் மூக்குக் கண்ணாடியுமாக நேரே மன்றத்துக்கு வருகிறவர். இந்த வருஷம் கண்ணாடி போட்டதிலிருந்து அவர் கண்ணுக்கு எதுவும் தப்புவதில்லை என்று பேச்சு. அவர் சொன்னாரே என்று ஆளாளுக்கு வாங்கியதில், கடைத்தெருவில் ஸ்டாண்டே கிடைக்காமல் போயிற்று. தையல்காரர் தன்னுடையவற்றில் துணி காயப்போட்டார்.

கண்காட்சிச் சுவரில் ஒரே ஓர் ஆணிதான் மிச்சம். டாக்டர் தலையாட்டினால்தான் அதில் படம் ஏறும்; அதைவிட நல்லதென்று அவர் சொல்லும் படம் வந்தால் இறங்கிவிடும். அந்த ஆணி மேல் டாக்டரின் மனைவிக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

“ஏங்க, சைக்கிளுக்கு அடுத்து ஒரு பூனை வந்துச்சே...” என்று வீட்டுக்குப் போனதும் ஆரம்பித்தாள்.

“பூனையா அது? தலையணைன்னு நெனச்சேன்.”

“அது நான் எடுத்த படம்!”

“விதியை மீறிச் சொல்லிட்டியேம்மா! சரி, போகட்டும். ஒரு ஸ்டாண்டு வாங்கிக்கோ.”

அன்று அவருக்கு வந்த காப்பியில் சர்க்கரை இல்லை.

அடுத்த கூட்டத்தன்று, கிளினிக்கில் டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தபோது, மேசைமேல் கிடந்த கண்ணாடி, அவரை அழைத்துப்போக வந்த மனைவியின் கைப்பைக்குள் போயிற்று.

“இங்கேதானே வச்சேன்? கண்ணாடியைக் காணோமே?”

“நேரமாச்சு, வாங்க. அங்கே என்ன, பல்லா பிடுங்கப் போறீங்க?”

அவள் கணக்கு இதுதான்: கண்ணே சரியாகத் தெரியாத மனிதருக்குக் குறை மட்டும் எப்படித் தெரியும்?

திரையில் ஒரு முடிதிருத்தும் கடை தோன்றியது. நாற்காலியில் இருந்தவர் முகத்தில் பாதி நுரையோடு தூங்கிவிட்டார். எழுப்ப மனமில்லாத கடைக்காரர், கையில் கத்தியோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் எழுந்தார். “கொஞ்சம்...” என்று ஆரம்பித்தார். எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள்.

“கொஞ்ச நேரம் இதை அப்படியே வையுங்க” என்றார் டாக்டர். “அடடா! நுரையில ஒவ்வொரு குமிழும் தனித்தனியா தெரியுது. கொட்டாவி விடறவருக்குக் கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் சொத்தை. அதுகூடத் தெரியுது! குறையே இல்லை. அந்த ஆணி இதுக்குத்தான்.”

அறையே கைதட்டியது. மனைவி மட்டும் தட்டவில்லை. கைப்பைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். கண்ணாடி அங்கேயேதான் இருந்தது.

திரும்பி நடக்கும்போது அதை ஓசைப்படாமல் அவர் கோட்டுப் பையில் நழுவவிட்டாள். சாவியைத் தேடிப் பைக்குள் கையை விட்டவர், “அட, இங்கேதான் இருக்கா!” என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். எதிர்க்கடைப் பலகையைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினார்.

“என்ன இது, எழுத்தெல்லாம் பஞ்சு பஞ்சா தெரியுது?”

கழற்றினார். பலகை பளிச்சென்று ஆனது. மறுபடி மாட்டினார். பஞ்சாகிவிட்டது.

“கண் டாக்டர் அப்பவே சொன்னாரு... இது வாய்க்குள்ள பல்லு பார்க்க மட்டும்தான், தூரத்துல இருக்கறதைப் பார்க்கும்போது கழட்டிடுங்கன்னு” என்று இழுத்தவர், நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். “ஐயையோ! அப்போ தையல்காரரோட மூணு ஸ்டாண்டு?”

“அதுல துணி காயுது, விடுங்க” என்றாள் மனைவி, நழுவிய கண்ணாடியை அவர் மூக்கின்மேல் அழுத்தி நிறுத்தியபடி. “அந்த ஆணியில கடைசிவரைக்கும் நான் எடுத்த கொட்டாவிப் படமே தொங்கணும்னா, அடுத்த கூட்டத்துக்கு மறக்காம இதை மாட்டிக்கிட்டு வாங்க!”