ஓநாய்க்கு முதுகைக் காட்டாதீங்க

ஓநாய் மூன்றாவது தடவையாகக் கடித்துக் கொன்றபோது அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. மணி ஐந்து நாற்பது. ஆறு மணிக்குள் அவள் காட்டைத் தாண்டியாக வேண்டும்.

"முதுகைக் காட்டாதீங்கக்கா! ஓடுறவனைக் கண்டா துரத்துறவனுக்கு இளக்காரம். மரத்தை ஒட்டி நின்னுக்கிட்டு, அது பாயும்போது மட்டும் வெட்டுங்க" என்றது ஹெட்போனில் ஒரு பெண் குரல். கூடவே ஒரு கைக்குழந்தை சிணுங்கும் சத்தமும் கேட்டது.

அந்த ஆன்லைன் விளையாட்டில் அந்தக் குரலுக்குரியவளை எல்லாரும் 'வைத்தியச்சி' என்பார்கள். அடிபட்டவர்களுக்கு மருந்து போடுவது அவள் வேலை. புதிதாக வருகிறவர்களைக் கைபிடித்து நடத்துவது, அவளாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. நிஜத்தில் அவள் யார், எங்கே இருக்கிறாள் என்று அக்காவுக்குத் தெரியாது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிற அக்காவுக்கு வாளும் மந்திரமும் எதற்கு? எல்லாம் தம்பிக்காகத்தான்.

போன செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு, தெருவைக் கடந்த ஒருவரை ஸ்கூட்டரில் இடித்துவிட்டு யாரோ நிற்காமல் போய்விட்டார்கள். அவர் இன்னும் கண் திறக்கவில்லை. அது தம்பியின் ஸ்கூட்டர் மாதிரி இருந்தது என்று ஒரு கடைக்காரர் சொல்ல, போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் வீட்டுல கேம் ஆடிக்கிட்டிருந்தேன்க்கா" என்று தம்பி அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அக்காவுக்கு அன்றைக்கு மாலை டூட்டி. ஆனாலும் நம்பினாள். அவள் தூக்கி வளர்த்த பிள்ளை, எறும்பை மிதித்தால்கூட இரண்டு நாள் சாப்பிட மாட்டான்.

வக்கீலுக்குத்தான் அது போதவில்லை. "கணக்கு திறந்திருந்துச்சுன்னு கேம் கம்பெனி சொல்லும்மா. ஆள் இருந்தான்னு யார் சொல்றது? கூட ஆடினவங்க ஒருத்தரையாவது புதன்கிழமை காலையில பத்து மணிக்குள்ள பிடிச்சுக் கொடு. எதுக்குன்னு முன்னாடியே சொல்லாதே. கோர்ட்டுன்னா பாதிப் பேர் கம்பி நீட்டிடுவாங்க."

தம்பியின் கணக்கை விசாரணைக்காக முடக்கியிருந்தார்கள். அவனுடைய கூட்டாளிகள் தினமும் மாலை ஆறு மணிக்கு விளையாட்டுக்குள் ஒரு கோட்டையில் கூடுவார்கள். பத்தாவது படியைத் தொடாதவர்களுக்கு அங்கே இடமில்லை. அதனால்தான் மூன்று நாளாக அக்கா ஓநாயிடம் கடி வாங்குகிறாள். விடிந்தால் புதன்கிழமை.

"பையைக் காலி பண்ணுங்க" என்றாள் வைத்தியச்சி. "கண்ணுல பட்டதையெல்லாம் பொறுக்கினா நடை தளரும். புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு."

"இந்தக் கேடயம் நல்லாயிருக்கேம்மா."

"உங்களால அதைத் தூக்க முடியாது, போட்டுடுங்க. சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லைம்மா. டூட்டி முடிஞ்சு நேரா வந்து உக்காந்துட்டேன்."

"உங்களைக் கேக்கலைக்கா, உங்க ஆளை! பையில ரொட்டி இருக்கும் பாருங்க. வெறும் வயித்தோட சண்டைக்குப் போகவே கூடாது."

அந்த நிலைமையிலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ரொட்டியைத் தின்றாள். மரத்தை ஒட்டி நின்றாள். ஓநாய் பாய்ந்தபோது கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

திறந்து பார்த்தால் ஓநாய் மல்லாந்து கிடந்தது. பத்தாவது படி!

வைத்தியச்சி முன்னால் ஓட, அக்கா பின்னாலேயே ஓடினாள். ஆறு மணிக்கு இருவரும் கோட்டைக்குள் நுழைந்தார்கள். அங்கே பத்துப் பன்னிரண்டு வீரர்கள் நின்றிருந்தார்கள். 'தளபதி' என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருந்தவர் கனத்த குரலில் "யாரும்மா புதுசு?" என்றார்.

"நான் ரேடியோவோட அக்கா" என்றாள். தம்பிக்கு இங்கே அதுதான் பெயர். அவன் வாய் ஓயாது. அதற்கு மேல் அவளால் மறைக்க முடியவில்லை. விபத்து, போலீஸ், வக்கீல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

"போன செவ்வாய்க்கிழமையா? மலைப்பாம்புச் சண்டைக்காக ஒரு மணி நேரம் முன்னாடியே கூடின அன்னைக்கு!" என்றார் தளபதி. "அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் முன்வரிசையில நின்னானேம்மா. பாம்போட தலையை எடுத்ததே அவன்தான்."

"நல்லா ஞாபகம் இருக்காண்ணா?"

"மறக்குமா? எப்பவும் நம்ம காது வலிக்கப் பேசுறவன், அன்னைக்கு மைக்கையே தொடலை. அப்படி ஒரு வெறி! நான் வந்து சொல்றேன் தங்கச்சி. எத்தனை மணிக்கு, எங்க வரணும்?"

அக்கா மேசையில் கவிழ்ந்து ஓவென்று அழுதாள். உடனே வக்கீலுக்கு ஃபோன் போட்டு, "சாட்சி கிடைச்சாச்சு சார்!" என்றாள். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிவிட்டது.

திரும்பி வந்து பார்த்தபோது எல்லாரும் சண்டைக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். வைத்தியச்சி மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"உனக்குக் கோடிப் புண்ணியம்மா! நீ இல்லேன்னா நான் அந்தக் காட்டுலயே செத்திருப்பேன்."

ஹெட்போனில் குழந்தை வீறிட்டு அழுதது. அதைச் சமாதானப்படுத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"எனக்கு நிஜமாவே எதுவும் தெரியாதுக்கா. அவசரமா ஒரு இடத்துக்குப் போகணும்னுதான் சொன்னாங்க" என்றாள் வைத்தியச்சி. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"யாரு? எதைச் சொல்றே?"

"அன்னைக்கு உங்க தம்பிக்குப் பதிலா ஆடினது நான்தான்க்கா."